அடைபட்ட சாலைக்கு ஒரு சாட்சி

சாலை அடைபட்டுவிட்டது என்று ரேடியோவில் சொன்னால் எங்கள் ஊரில் எல்லாரும் தலையில் கை வைப்பார்கள். நான் அடுப்பில் பானை வைப்பேன். கரனாவி சந்தையில் எனக்கு ஒரு மேசையும் இரண்டு பெஞ்சும் உண்டுதான். ஆனால் சந்தையில் சாப்பிட வருகிறவனுக்கு ஆயிரம் குறை. கோழிக்கால் சின்னது, சோறு குழைந்துவிட்டது, அடுத்த கடைக்காரி மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு கூடுதலாக வைக்கிறாள். அதே ஆள் மண்சரிவில் அரை நாள் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தால் தட்டை இரண்டு கையாலும் வாங்குவான். நல்லா இருங்க தாயே என்று வாழ்த்தவும் செய்வான். பசி வந்தால்தான் மனிதனுக்கு மரியாதை தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் பிடிக்கிற மழை ஈஸ்டர் வரை விடாது. அந்த மாதங்களில் எங்கள் மலைச்சரிவு ஏதாவது ஓரிடத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும், எனக்கும் ஓய்வு இருக்காது. மழை நின்ற பிறகு கீழே பெனி சமவெளியில் ஆறு வீங்கும். மலையில் பெய்த தண்ணீர் அங்கே போய்ச் சேர அவ்வளவு காலம் பிடிக்கும். பாலம் முங்கினால் நான் அங்கே போய் மீன் வறுப்பேன். ஜூலையில் மேலே கும்ப்ரே கணவாயில் பனி விழுந்து லாரிகள் வரிசையாக நின்றுவிடும். கம்பளிப் பாவாடை இரண்டைச் சேர்த்து மாட்டிக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அங்கேயும் ஏறுவேன். அதற்கப்புறம் காட்டுக்குத் தீ வைக்கும் காலம், புகை. அதற்கும் அப்புறம் மழை வரும்வரை வெறும் புழுதி. புழுதிக்கு எந்த வண்டியும் நிற்காது. அது எனக்குப் பஞ்சகாலம்.

சாலையைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். பஸ் ஆபீஸில் எப்போது கேட்டாலும் பாதை திறந்திருக்கிறது என்பார்கள். ரேடியோக்காரன் நேற்றைய சேதியை இன்றைக்கு வாசிப்பான். பயணிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேலே லா பாஸில் வானம் பளிச்சென்று இருந்தால் மலைக்குக் கீழேயும் அப்படித்தான் என்று நம்பி டிக்கெட் எடுப்பார்கள். கீழே சமவெளியில் ருரேவில் வெயில் கொளுத்தினால், மேலே மழை கொட்டுகிறது என்று சொல்பவனைப் பைத்தியம் என்பார்கள். தன் தலைக்கு மேல் தெரிகிற வானத்தை வைத்தே நாடு முழுவதையும் அளக்கிற ஜனங்கள் நாங்கள். என்னிடம் கேட்டால் மட்டும், "போகாதே, நாளைக்கும் திறக்காது" என்று முகத்துக்கு நேரே சொல்வேன். இதனால் பஸ் டிரைவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஆனால் பசித்தால் என்னிடம்தான் வருவார்கள்.

அப்படி வருகிறவர்களில் ஒருவன் ரெம்பெர்த்தோ. லா பாஸுக்கும் ருரேவுக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவன். வாய்க்குப் பூட்டே கிடையாது. அந்தப் பிப்ரவரியில் கார்னிவலுக்கு முந்தின வாரம், கரனாவிக்குச் சற்று மேலே ஒரு வளைவில் மலை இறங்கிவிட்டது. விடியும்போதே நான் பானைகளோடு சரிவைக் கடந்து மேல்பக்கம் போய் அடுப்பு மூட்டியிருந்தேன். மேட்டு நிலத்துக்காரர்கள் குளிரில் வந்து இறங்குவார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள். ரெம்பெர்த்தோவின் பஸ் வந்து நின்றபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. ஆனால் மேலிருந்து கல் உருள்வது நிற்கவில்லை. சாலைத்துறை ஆள் ஒருவன் விசிலும் கையுமாக நின்று யாரையும் விடாமல் தடுத்துக்கொண்டிருந்தான்.

இப்படி அடைபட்டால் எங்கள் பக்கத்தில் பஸ்ஸைக் கடத்த மாட்டோம், ஆளைக் கடத்துவோம். மேலிருந்து வந்த பஸ் இந்தக் கரையில் நிற்கும், கீழிருந்து வந்தது அந்தக் கரையில். இவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சகதியில் நடந்து போய் அந்தப் பஸ்ஸில் உட்காருவார்கள். அவர்கள் இங்கே வந்து இவர்கள் சூடாக்கி வைத்த இருக்கையில் உட்காருவார்கள். இரண்டு பஸ்ஸும் வந்த வழியே திரும்பிவிடும். விசில் ஊதும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கிறவனுக்குச் சோறு வேண்டும்.

ரெம்பெர்த்தோ இறங்கும்போதே ஆரம்பித்தான்.

"என்ன பெத்ரோனாக்கா, மலைக்கு நீங்களே போன் போட்டு இறங்கச் சொல்லிட்டீங்களா? நான் வர்றதுக்குள்ள கோழி பொரியுது."

"உன் மூஞ்சியப் பாத்ததும் மலையே இறங்கிடுச்சு. உக்காரு, இன்னும் நேரமாகும்."

"நேரமாகும்னு சத்தமா சொல்லாதீங்க. அரை மணியில திறந்துடும்னு இப்பதான் பஸ்சுல சொல்லிட்டு வந்தேன்."

"மூணு மணிக்கு முன்னால திறந்தா இந்தப் பானையை உனக்கே தந்துடுறேன்," என்றேன், பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. உடனே பாதிப்பேர் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எனக்கு வியாபாரம், அவனுக்கு வசவு.

அவர்களோடு ஒரு பெண்ணும் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். லா பாஸுக்கு மேலே இருக்கிற மேட்டு நிலத்து எல் ஆல்தோக்காரி என்று பார்த்தாலே தெரிந்தது. மழைக்குத் தொப்பி நனையாமல் அதன் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தாள், தான் நனைந்திருந்தாள். அவர்கள் எல்லாருமே அப்படித்தான், உடம்புக்குக் காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லை, தொப்பி நனையக் கூடாது. சோறு வாங்கிக்கொண்டாள். மிளகாய்த் துவையலை மட்டும் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள், மற்றதைத் தொடவில்லை. தட்டு மடியில் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்காது. நான் மழையில் உட்கார்ந்து ஆக்கியது.

"சாப்பாட்டுல என்ன குறை?" என்றேன்.

"குறை ஒண்ணுமில்லக்கா. நீங்க எங்க ரோடு அடைஞ்சாலும் வருவீங்களாமே. டிரைவர் சொன்னாரு."

"வருவேன். கணவாயில இருந்து கீழ ஆறு வரைக்கும்."

"எல்லாத்துக்கும்?"

"அடைஞ்சு ஒரு நாளாவது நின்னா அங்க நான் இருப்பேன். என்ன விஷயம்?"

அவள் பெஞ்சு நுனிக்கு நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். பேர் செனோபியா என்றாள். புருஷன் அப்தோன், ருரேவுக்கு அப்பால் மரம் அறுக்கும் ஆலையில் மூன்று வருஷமாக வேலை. வருகிறேன் என்பான், வரமாட்டான். அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களிடம் கைபேசி கிடையாது. ஊர் முனையில் இருக்கிற போன் கடையிலிருந்து அவள் மாமியார் வீட்டுப் பக்கத்துக் கடைக்குக் கூப்பிட்டு, ரோடு அடைபட்டுவிட்டது என்று சேதி சொல்லி வைத்துவிடுவானாம்.

"எங்கக்கா சிரிக்கிறா. உன் புருஷனுக்கு மட்டும் நாட்டுல இருக்கிற எல்லா வானிலையும் ஒத்துழைக்குதுங்கறா. மேல பனி, நடுவுல மழை, கீழ வெள்ளம். அங்க ஒருத்தி இருக்கா, அதான் ரோடுன்னு அடிச்சுச் சொல்றா."

"நீ என்ன சொல்ற?"

"எனக்குத் தெரியல. அதுக்குத்தான் போறேன். ஆனா அங்க போய் நின்னு, அவரு வாயப் பாத்துக்கிட்டு, எது நிசம் எது பொய்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? வர்ற வழியில டிரைவர் உங்களப் பத்திச் சொன்னதும் யோசிச்சுக்கிட்டே வந்தேன். மூணு தடவைக்கா. மூணு தடவ அவரு வந்தே ஆகணும், வரல. அந்த மூணு தடவையும் ரோடு நிசமாவே அடைஞ்சிருந்துச்சான்னு சொல்லுங்க. அடைஞ்சிருந்தா நான் இந்தச் சகதியக் கடந்து போறேன். இல்லேன்னா இதே பஸ்சுல திரும்பிடுறேன். இனிமே கேக்கவும் மாட்டேன்."

சூப் வாங்கிக்கொண்டிருந்த ரெம்பெர்த்தோ காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றுவிட்டான். நான் அவனைப் போகச் சொல்லவில்லை. சொன்னாலும் போகமாட்டான்.

"உன் டிரைவரையே கேக்கலாமே," என்றேன்.

"எனக்கு எல்லா நாளும் ஒரே சகதிதான், தாயி," என்றான் அவன். "நேத்து எந்தப் பக்கம் ஓட்டினேன்னே ஞாபகம் இல்ல."

அது நிஜம். டிரைவர்களுக்குச் சாலை ஞாபகத்தில் நிற்காது. நின்றால் மறுபடி ஓட்ட மாட்டார்கள். எனக்கு நிற்கும், ஏனென்றால் நான் சாலையை ஞாபகம் வைப்பதில்லை, சமையலை வைக்கிறேன்.

"முதல் தடவை எப்போ?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜனவரியில மூணு ராஜா திருநாள் முடிஞ்ச வாரம். அவங்கம்மா இழுத்துக்கிட்டு இருந்தாங்க. சேதி சொன்னோம். வர்றேன்னாரு. அவங்க போயிட்டாங்க, புதைச்சும் ஆச்சு, அவரு வரல. அவரோட அண்ணன் செராபியோதான் எல்லாம் செஞ்சாரு. ரோடு அடைஞ்சு நடுவழியில கிடந்தேன்னு அப்புறமா சொன்னாரு."

அதற்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தச் சரிவில் ஒரு லாரி பாதிவரை புதைந்துபோனது. ஆளைக் கடத்தவும் வழியில்லாமல், யாரும் எந்தப் பக்கமும் போக முடியாமல் கிடந்தோம். இரண்டாம் நாளே எண்ணெய் தீர்ந்துவிட்டது, கோழியை வெறுமனே அவித்துக் கொடுத்தேன். அதையும் அடித்துக்கொண்டு தின்றார்கள்.

"அடைஞ்சிருந்துச்சு," என்றேன். "அந்த வாரம் ஈ, காக்காகூடத் தாண்டல. உன் புருஷன் அங்க எங்கயாச்சும் உக்காந்திருந்தா என் அவிச்ச கோழியத்தான் தின்னிருப்பாரு."

செனோபியா தலையை ஆட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேட்டு நிலத்துக்காரர்கள் முகத்தில் எதையும் படிக்க முடியாது. அங்கே அடிக்கிற காற்றுக்கு முகத்தை மூடியே பழகிவிட்டவர்கள்.

"ரெண்டாவது?"

"அதே வருஷம் ஜூலையில, கார்மென் மாதா திருநாளுக்கு. எனக்குப் பித்தப்பைய எடுத்தாங்க. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரிக்குப் புருஷன், மாமனாரு, கொழுந்தன்னு வந்து நின்னாங்க. எனக்குத் தண்ணி குடுக்க அவங்கதான். கணவாயில பனின்னு சேதி வந்துச்சு. ஆஸ்பத்திரி ஜன்னல்ல பாத்தா சுள்ளுனு வெயில்."

"லா பாஸுல வெயில்தான். கும்ப்ரேயில பனி. முழங்கால் வரைக்கும். நான் போயிருந்தேன்."

"நிசமாவா?"

"அந்த உயரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கும், அரிசி மட்டும் வேகாது. அரைவேக்காடாத்தான் போட்டேன். லாரிக்காரங்க பல்லு நறநறன்னு கடிச்சுக்கிட்டே தின்னாங்க. கீழ பெனியில இருந்து வந்தவங்க பாவம், தெற்குக் காத்துக்கே நடுங்குற ஆளுங்க, செருப்போட வந்து பனியில நின்னாங்க. அந்தத் தடவையும் அடைஞ்சிருந்துச்சு."

இப்போது அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாரையும் பிடிக்காது. இவளுக்கு இந்தச் சாலை நல்ல பதிலாகவே கொடுக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அப்படி அடித்துக்கொள்ளும்போது நான் கொஞ்சம் சுதாரிப்பேன். ஆனால் அன்றைக்கு முடியவில்லை.

"மூணாவது?"

"போன வருஷம் நவம்பர். ஆத்மாக்கள் திருநாள்."

கையிலிருந்த அகப்பையை நான் பானையில் விட்டேன்.

"அவங்கம்மா போனதுக்கு அப்புறம் வந்த முதல் திருநாளுக்கு வரல, ஆலையில லீவு தரலன்னாரு. சரி, அது முதலாளி பாடு. இது அவங்க ஆத்மாவுக்குப் போடுற மூணு மேசையில ரெண்டாவது. கரும்பு கட்டி, ரொட்டி சுட்டு, அவங்களுக்குப் பிடிச்ச வேர்க்கடலை சூப் வச்சு, பெத்த பிள்ளைங்க சுத்தி நிக்கணும். நடுமத்தியானம் ஆத்மா வந்துடும், அதுக்குள்ள வந்துடுவாருன்னு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன். ரோடு அடைஞ்சிடுச்சுன்னு சேதி வந்துச்சு. செராபியோ எல்லார் முன்னாலயும் சொன்னாரு, அம்மா மேசைக்கு வராதவன் இனிமே இந்த வீட்டு மேசைக்கே வர வேணாம், வாசலத் திறக்க மாட்டேன்னு. பெரியவரு சொன்னா சொன்னதுதான்."

ரெம்பெர்த்தோ சூப்பை உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தான். அவனுக்கும் அந்த நவம்பர் ஞாபகம் வந்துவிட்டது போலிருந்தது. எல்லா நாளும் ஒரே சகதி என்று சொன்னானே, அந்த நவம்பரில் சகதியே இல்லை. மழை பிடிக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. சாலை எலும்பாகக் காய்ந்து கிடந்தது. புழுதி பறந்து, எதிர்வண்டியின் ஹாரன் கேட்டுத்தான் ஒதுங்கினார்கள். திருநாள் வாரம் முழுக்க நான் சந்தையில் ரொட்டி விற்றுக்கொண்டு, இந்த மழை எப்போதுதான் வருமோ என்று திட்டிக்கொண்டிருந்தேன். கணவாயிலிருந்து ஆறு வரை ஒரு கல்கூடச் சாலையில் விழவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். "நவம்பர்ல நிறைய நடந்துச்சு."

மரவள்ளியைத் தோலுரிக்கிற சாக்கில் பஸ்ஸின் பின்பக்கம் போனேன். ரெம்பெர்த்தோ பின்னாலேயே வந்தான்.

"அடைஞ்சிருந்துச்சுன்னு சொல்லிடுங்கக்கா."

"அடையலயே."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். மலைக்குத் தெரியும். இந்த மூணு பேரும் வாயத் திறக்கப் போறதில்ல. அந்தப் பக்கம் வேற ஆளு ஜாஸ்தி நிக்குது, இவளும் திரும்பி ஏறினா உக்கார இடமில்ல."

"அதானே பாத்தேன், உனக்கு இவ மேல என்ன திடீர்னு கருணைன்னு."

"கருணையும் இருக்கு, இடமும் இல்ல. ரெண்டும் ஒரே பக்கம்தான் இழுக்குது. ஒரு பொய்யி. ரோட்டப் பத்தி இந்த நாட்டுல நீங்க ஒருத்திதான் பொய் சொல்லாம இருக்கீங்க. அப்படியிருந்து என்ன கண்டீங்க?"

அவனைப் போ என்று விரட்டினேன். ஆனால் அவன் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடைந்திருந்தது என்று சொன்னால் இவள் இடிந்து விழுகிற மலைக்குக் கீழே நடந்து, ஒரு பொய்யனைத் தேடிப் போவாள். நடுவில் ஒரு கல் வந்தால் அதை அனுப்பியது நான். இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய் அந்தக் காலி வீட்டில் உட்கார்ந்துகொள்வாள். அதற்கும் நான்தான் காரணமாவேன். சோறு விற்க வந்தவளிடம் இதையெல்லாம் கொண்டுவந்து கொடுப்பது என்ன நியாயம் என்று எரிச்சலாக வந்தது. கிழங்கை அன்றைக்கு நான் தோலோடு சதையையும் சேர்த்துச் சீவித் தள்ளினேன்.

மூன்று மணிக்கு மேல் கல் உருள்வது நின்றது. விசில்காரன் சரிவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து, முதலில் மேல்கரை ஆட்கள் என்று கை காட்டினான். எல்லாரும் நீலப் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு மூட்டைகளைத் தூக்கினார்கள். ஒரு கிழவர் குப்பியிலிருந்து கொஞ்சம் சாராயத்தை மண்ணில் தெளித்து, பூமித்தாயே எங்களை விட்டுவிடு என்று சொல்லிவிட்டு, மீதியைத் தன் தொண்டையில் ஊற்றிக்கொண்டார். வரிசை நகர ஆரம்பித்தது.

செனோபியா நகரவில்லை. மூட்டையை முதுகில் கட்டி மார்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு என் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லுங்கக்கா. விசில் ஊதிட்டாங்க."

ரெம்பெர்த்தோ அவள் தோளுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அந்தச் சிமிட்டல்தான் என்னைக் கெடுத்தது. அவனோடு ஒரே பக்கத்தில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

"நவம்பர்ல ரோடு அடையல," என்றேன். "மழையே இல்ல. திறந்துதான் கிடந்துச்சு. உன் புருஷன் வரணும்னு நெனச்சிருந்தா வந்திருக்கலாம்."

அழுவாள் என்று நினைத்தேன். கையில் துணியை எடுத்துக்கூட வைத்திருந்தேன். அவள் அழவில்லை. சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போடுகிற மாதிரி.

"ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நிசமாவே பனி," என்றாள்.

"நிசமாவே பனி."

"அம்மா போனப்பவும் நிசம்."

"ஆமா. அதான் சொன்னேனே."

"அப்போ என்கிட்ட அவரு பொய் சொல்லலக்கா."

எனக்குப் புரியவில்லை. "நவம்பர்ல சொன்னாரே."

"அது அவங்கம்மாகிட்டச் சொன்னது." அவள் தொப்பியின் மேலிருந்த பிளாஸ்டிக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "புதைக்கிறதுக்கு வர முடியாமப் போச்சு. அந்த மனுஷன் அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க மேசைக்கு முன்னால வந்து நிப்பாரு? லீவு இல்லன்னாரு, ரோடு இல்லன்னாரு. பயந்துட்டாருக்கா. செத்தவங்களுக்குப் பயந்துட்டாரு. நான் இங்க வர்றவரைக்கும் மூணுமே பொய்னு நெனச்சுக்கிட்டு வந்தேன்."

"பொம்பள விஷயமா இருந்தா?"

"இருந்தா அங்க போய்ப் பாத்துக்கிறேன். பொம்பளைக்காக வராதவரு பனியிலயும் பொய்தானே சொல்லியிருப்பாரு? அப்ப நிசமாவே கிளம்பி வந்து மாட்டியிருக்காரு."

வரிசையின் கடைசி ஆள் சரிவில் இறங்கிவிட்டான். விசில்காரன் கத்தினான். அவள் நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. செராபியோ மாமா என்னிக்காவது உங்ககிட்ட வருவாரு. நான்தான் அனுப்புவேன். அவருக்கு நவம்பர்ல ரோடு அடைஞ்சிருந்துச்சுன்னு சொல்லணும்."

"நானா?"

"நீங்க சொன்னாத்தான் நம்புவாரு."

பதிலுக்குக் காத்திருக்காமல் சரிவில் இறங்கிவிட்டாள். நடுவில் ஒருமுறை மேலிருந்து பொடிக்கல் சரிந்தது, விசில்காரன் ஓடு ஓடு என்றான், அவள் ஓடாமல் ஒரே சீராக நடந்து போனாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு கூடைக் கிழங்கைச் சீவிப் பாழாக்கியவள் நான். அவள் அந்த உண்மையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, போகிற போக்கில் என்னிடம் ஒரு பொய்யை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அக்கரையில் அவள் பஸ் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கீழ்க்கரை ஆட்கள் வந்து, சோறு இருக்கா என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில், புழுதி காலத்தில், கரனாவி சந்தையில் என் மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார். கறுப்புத் தொப்பி, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, பஸ்ஸில் வந்த புழுதி புருவம்வரை. மேட்டு நிலத்துக்காரர்கள் வெறும் சோற்றுக்காக இவ்வளவு தூரம் இறங்கி வரமாட்டார்கள். உட்காரவில்லை.

"பெத்ரோனாங்கறது நீங்கதானா? ரோடு அடைஞ்சா அங்க இருப்பீங்களாமே."

"இருப்பேன்."

"என் தம்பி பெண்டாட்டி உங்களக் கேக்கச் சொன்னா. அவனோட திரும்பி வந்துட்டா, இப்ப மேலதான் ரெண்டு பேரும் இருக்காங்க. இந்தத் திருநாளுக்கு எங்கம்மாவுக்குக் கடைசி மேசை. மூணாவது வருஷத்தோட அவங்களுக்கு விடை குடுத்து அனுப்பிடணும். அவனையும் சேத்துக்கணும்னு அவ ஒத்தக்கால்ல நிக்கிறா. போன நவம்பர்ல ரோடு நிசமாவே அடைஞ்சிருந்துச்சா?"

என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி ரெம்பெர்த்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"அடைஞ்சிருந்துச்சு," என்றேன். "கீழ ஆத்துப் பக்கம். மழை முன்னாடியே பிடிச்சுக்கிச்சு. நான் அங்கதான் மீன் வறுத்துக்கிட்டு இருந்தேன். திருநாள் அன்னிக்கு மாவுகூடத் தீந்து போச்சு, வெறும் உப்புப் போட்டு வறுத்துக் குடுத்தேன்."

பெரியவர் என் முகத்தையே பார்த்தார். இவருக்கும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவனப் பாத்தீங்களா? ஒல்லியா, நெட்டையா, காதுகிட்ட ஒரு தழும்பு இருக்கும்."

அப்தோனை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"பாத்தேன்," என்றேன். "ஆத்தங்கரையில கல்லு மேல உக்காந்திருந்தாரு. நடுமத்தியானம் ஆனதும் தொப்பியக் கழட்டிட்டாரு. தட்ட நீட்டினேன், தொடவே இல்ல."

பெரியவர் தன் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு தட்டு சோறு போடுங்க என்றார்.